பிள்ளைகள் ஏற்கெனவே வார்டில்தான் இருக்கிறார்கள்

அரசு மருத்துவமனையில் 31 வருடம் செவிலியராக இருந்தேன். கடைசி 14 வருடம் பெண்கள் மெடிக்கல் வார்டு. அந்த 14 வருடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றுகூட இல்லாத நாள் எனக்கு நினைவில்லை. மேல்நிலைப் பள்ளிகளின் செவிலியத் தொழிற்பிரிவிலிருந்து பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைச் சொல்லவில்லை. அவர்கள் வருடத்தில் சில வாரம்தான் வருவார்கள். கட்டிலடியில் பாய் விரித்து, அம்மாவுக்கோ ஆயாவுக்கோ துணைக்குப் படுத்திருந்த பிள்ளைகளைச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண். அப்பா வேலைக்குப் போனால்தான் வீட்டில் உலை வைக்க முடியும், தம்பி சின்னவன், ஆகவே அவள்தான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வருவாள். டிரிப்ஸ் தீர்ந்தால் ஓடிவந்து சொல்வாள். ரத்தம் எடுத்த குழாயை லேபுக்குக் கொண்டுபோவாள். ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுவாள். டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியதை எழுத்துக்கூட்டிப் படித்து, சாயங்காலம் வரும் அப்பாவுக்குச் சொல்வாள். சிறுநீர்ப் பை நிறைந்துவிட்டால் அவளே அதைத் திறந்து காலி செய்வாள். கையுறை யாரும் கொடுப்பதில்லை. பையை எந்த உயரத்தில் வைக்கவேண்டும், காலி செய்தபிறகு கையை எப்படிக் கழுவவேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. முந்தானையிலோ சுடிதாரிலோ கையைத் துடைத்துக்கொண்டு, அதே கையால் அம்மாவுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டுவாள்.

இது தவறு என்று எந்தப் பெற்றோரும், எந்த ஆசிரியரும், எந்த அதிகாரியும் என்னிடம் வந்து சொன்னதில்லை. ஆனால் அதே வயதுப் பெண்கள் ஆறு பேர், ஓர் ஆசிரியையின் பின்னால், கையில் நோட்டோடு அதே வார்டுக்குள் நுழையட்டும். உடனே கேள்வி எழும்: ‘பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை?’ தொற்று வரும், நோயாளியின் அந்தரங்கம் போகும், நர்சுகளுக்கு இடைஞ்சல், சின்ன மனசு கலங்கும், பரிட்சை கெடும், பிள்ளைகளைக் கூலியில்லாமல் வேலை வாங்குகிறார்கள். படித்தவர் படிக்காதவர் என்ற வித்தியாசமில்லாமல் எல்லாரும் சொல்வது இதைத்தான். நான் பல வருடம் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றுவிட்டேன். இனிச் சொல்லலாம்.

முதலில், பள்ளிப் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புவது யாரோ நேற்று கண்டுபிடித்த யோசனை என்று நினைக்கவேண்டாம். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, பள்ளிப் படிப்பின் பிரிக்க முடியாத பகுதியாகப் பணி அனுபவம் இருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்பிரிவும் கூடவே வந்தது. அதே வருடம் மேல்நிலைக் கல்வியைப் பற்றிய தேசிய மறு ஆய்வுக் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. அதன் தலைவர் நம்மவர்: வேலூரில் பிறந்து, யுனெஸ்கோவில் உயர்பதவி வகித்து, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த மால்கம் ஆதிசேஷையா. ‘செய்யக் கற்றல்’ என்று பொருள்படும் தலைப்பை அந்த அறிக்கைக்கு வைத்தார்கள். செவிலியம் படிக்கும் பிள்ளை நோயாளியைப் பார்க்காமல் எதைச் செய்யக் கற்கும்?

தொற்றிலிருந்து தொடங்குகிறேன். பெற்றோரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தப் பயத்துக்கு மருத்துவ வரலாறு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், மற்றதில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். மாணவர்கள் இருந்த பிரிவில்தான் பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். 1847 ஏப்ரலில் அந்தப் பிரிவில் 100 தாய்மார்களில் ஏறத்தாழ 18 பேர் இறந்தார்கள். பிணப் பரிசோதனை மேசையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வரும் கைகளே காரணம் என்று செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டார். மாணவர்களை விரட்டச் சொல்லவில்லை. குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கையைக் கழுவிவிட்டு உள்ளே வா என்றார். ஜூனில் அது 100க்கு சுமார் 2 ஆகக் குறைந்தது. அதே மாணவர்கள், அதே கட்டில்கள். மாறியது கை மட்டும்.

எங்கள் வார்டில் பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கு முதல் நாள் முழுக்கக் கை கழுவும் பாடம்தான். சோப்பு போட்டு 40 முதல் 60 விநாடி. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண். கட்டைவிரலை எல்லாரும் விட்டுவிடுவார்கள். பெரிய டாக்டர்களும் விடுவார்கள். இரண்டாம் நாள் குப்பைத் தொட்டி. ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சளில், டிரிப்ஸ் குழாயும் சிறுநீர்ப் பையும் கையுறையும் சிவப்பில், ஊசிகள், குத்தித் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில், கண்ணாடிக் குப்பி நீலத்தில். ஊசியைப் பிள்ளைகள் தொடவே கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாத பிள்ளைக்கு வார்டு கிடையாது. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. ஜூனில் தொடங்கினால் ஜனவரிப் பயிற்சிக்குச் சரியாக வரும். காசநோய் வார்டு, தனிமைப்படுத்தும் அறை, பிரசவ அறை, ஆபரேஷன் தியேட்டர் பக்கம் அவர்களுக்கு வேலை இல்லை. இவ்வளவு கவனத்தோடு நுழையும் பெண்ணைப் பார்த்துத் தொற்று என்று பதறுகிறோம். கட்டிலடியில் படுத்திருக்கும் பெண்ணுக்கு ஒரு சோப்புத் துண்டுகூடக் கொடுக்க நமக்குத் தோன்றுவதில்லை.

நர்சுகளுக்கு இடைஞ்சல் என்று சொல்பவர்களில் என் சக நர்சுகளும் உண்டு. அவர்கள் அலுப்பு எனக்குப் புரிகிறது. இரவு ஷிஃப்டில் தனியாளாக 40, 50 பேரைப் பார்க்கிறவளிடம் ‘இந்தப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடு’ என்றால் கோபம்தான் வரும். முதல் மூன்று நாள் பிள்ளைகள் இடைஞ்சல்தான்; குறுக்கே நிற்பார்கள், டிராலியில் இடிப்பார்கள், ஒரே கேள்வியை ஆறு பேரும் கேட்பார்கள். நான்காம் நாளுக்குப் பிறகு நடப்பதை என்னால் மறக்க முடியாது. ஒரு சம்பவம் சொல்கிறேன்.

ஒரு பாட்டி ரத்தக்கொதிப்புக்காகப் படுத்திருந்தார். மூன்று நாளாக மாத்திரை கொடுத்தும் பி.பி. இறங்கவில்லை. காலை ரவுண்ட்ஸில் டாக்டர், ‘டோஸை ஏத்திடலாம்’ என்று சொல்லிக் கேஸ் ஷீட்டை எடுத்தார். செவிலியப் பிரிவுப் பெண் ஒருத்தி என் பின்னால் நின்றுகொண்டு மெதுவாக, ‘சிஸ்டர்... பாட்டி மாத்திரைய முழுங்கல. முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்காங்க’ என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனது நான்தான். அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால், மூன்று நாள் மாத்திரையும் காகிதத்தில் பத்திரமாக இருந்தது.

பாட்டியிடம் நாங்கள் கேட்டிருந்தால் அழுதிருப்பார், அல்லது பொய் சொல்லியிருப்பார். அந்தப் பெண் முந்தின நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரிவிட்டபோதே விவரம் எல்லாம் வந்துவிட்டது. ‘ஊருக்குப் போனா மாத்திரைக்கு ரெண்டு பஸ் மாறணும் பாப்பா. இங்க இருக்கறவரைக்கும் நீங்க பாத்துக்குவீங்க. இத அங்க போய்ப் போட்டுக்கறேன்.’ டாக்டர் ஷீட்டை மூடினார். டோஸை ஏற்றியிருந்தால், பிறகு ஏதோ ஒரு நாள் பாட்டி ஒழுங்காக முழுங்கியிருந்தால், பி.பி. தடாலென்று இறங்கி மயங்கி விழுந்திருப்பார். பாட்டியைக் காப்பாற்றியது அந்தப் பெண்ணின் படிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அவளுக்குப் பக்கத்தில் உட்கார நேரம் இருந்தது. பி.பி. மாத்திரையை வேளை தவறாமல் போடவேண்டும் என்று அந்த வாரம்தான் படித்திருந்தாள். இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிற ஆள் வார்டில் வேறு யாரும் இல்லை.

அந்தரங்கத்தைப் பற்றிய எதிர்ப்பை நான் லேசாகத் தள்ள மாட்டேன். ஒரு முறை நாங்கள் தவறினோம். பயிற்சிக்கு வந்த ஒரு பெண், தன் தெருவில் இருக்கும் அக்கா ஒருவருக்கு என்ன பரிசோதனை எடுத்தார்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டாள். வீட்டிலிருந்து தெருவுக்குப் போய்விட்டது. அந்த அக்கா என் மேசைக்கு முன்னால் நின்று, சத்தம் வராமல் அழுதார். அந்தக் குற்றம் என்னுடையது. வார்டில் கேட்டது வார்டிலேயே தங்கவேண்டும் என்பதைப் போகிறபோக்கில் ஒரு வரியாகத்தான் நான் சொல்லியிருந்தேன். அதன்பிறகு முறையை மாற்றினோம். தன் ஊர்க்காரர், தெருக்காரர், உறவினர் இருக்கும் வார்டில் பிள்ளையைப் போடுவதில்லை. போன் வாசலிலேயே வாங்கி வைக்கப்படும். நோட்டில் நோயாளியின் பெயரோ கட்டில் எண்ணோ எழுதக்கூடாது. ஒவ்வொரு கட்டிலிலும் ‘இந்தப் பிள்ளை பக்கத்துல நிக்கலாமாம்மா?’ என்று கேட்கவேண்டும். வேண்டாம் என்று ஒரு தலையசைப்பு வந்தாலே அடுத்த கட்டிலுக்குப் போய்விடவேண்டும்.

இவ்வளவும் சரி. ஆனால் அந்தரங்கம் பேசுகிறவர்கள் ஒரு நாள் எங்கள் ரவுண்ட்ஸில் வந்து நிற்கவேண்டும். இரண்டு கட்டிலுக்கு நடுவே திரை இருக்காது. டாக்டர் கேட்கும் கேள்வியும் நோயாளி சொல்லும் பதிலும் இந்தப் பக்கம் நான்கு பேர், அந்தப் பக்கம் நான்கு பேர் காதில் விழும். ஆயா, அட்டெண்டர், பக்கத்துக் கட்டில்காரரின் சித்தப்பா எல்லாருக்கும் தெரியும். அந்த வார்டிலேயே ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் பயிற்சிப் பிள்ளைகள் மட்டும்தான். திரை வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டால் நானும் கூடச் சேர்ந்து கேட்பேன். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டால் அந்தரங்கம் வந்துவிடும் என்பதை ஏற்க மாட்டேன்.

‘கூலியில்லாமல் வேலை வாங்குகிறார்கள்’ என்ற குற்றச்சாட்டுதான் இருப்பதிலேயே கனமானது. இதைச் சொல்கிறவர்களோடு பாதி தூரம் நானும் நடப்பேன். ஒரு தனியார் மருத்துவமனையில் பயிற்சிக்கென்று வந்த பெண்களை ரிசப்ஷனில் உட்காரவைத்து டோக்கன் கொடுக்கச் சொன்னதை என் கண்ணால் பார்த்தேன். ஒருத்தி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். கடைசி நாளில் சான்றிதழ் கிடைத்தது; அவர்கள் ஒரு தெர்மாமீட்டரைக்கூடப் பிடித்திருக்கவில்லை. அது திருட்டு. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொதுவாக வேலைக்கு வைக்க முடியாது, 14 முதல் 18 வரை அபாயமான தொழில்களில் ஈடுபடுத்த முடியாது. அந்தச் சட்டத்தின் நோக்கத்தைப் பயிற்சி என்ற பெயரால் யாரும் ஏய்க்க அனுமதிக்கக் கூடாது.

பயிற்சியையும் சுரண்டலையும் பிரித்துப் பார்க்க நான் ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தேன். நாளைக்கு இந்தப் பிள்ளைகள் வராவிட்டால் வார்டு வேலை ஏதாவது நின்றுபோகுமா? நின்றுபோகும் என்றால் அங்கே ஆள் போடாமல் பிள்ளையை வைத்து ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். எங்கள் வார்டில் அவர்கள் வராவிட்டால் எதுவும் நிற்காது. என் வேலை அவர்களால் அதிகமாகத்தான் ஆனது. ஒருத்தி பி.பி. பார்த்தால் நான் மறுபடி பார்க்கவேண்டும். அவள் எழுதிய அளவும் நான் எழுதிய அளவும் ஏன் வேறுபடுகிறது என்று உட்கார்ந்து சொல்லவேண்டும். அதற்கு நேரம் ஒதுக்கித் தரும் மருத்துவமனையில்தான் பிள்ளைகளை விடவேண்டும். ஆறு பேருக்கு மேல் விடக்கூடாது. இரண்டு வாரம், காலை வேளை மட்டும்.

சின்ன மனசு கலங்கும் என்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாவு வீட்டில் பறையடிக்கும் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். வார்டில் ஒருவர் இறந்த அன்று ஒரு பெண் அழுதாள். கூட உட்கார்ந்து டீ குடித்தோம், இறந்தவரின் கண்ணை மூடி, கையை நேராக்கி, துணி போர்த்துவது எப்படி என்று அவளே கேட்டாள். பார்த்தபிறகு பேச ஆள் இல்லாவிட்டால்தான் மனசு கலங்கும்.

பரிட்சை கெடும் என்பவர்களுக்கு: நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். அதற்காக இரண்டு வருடம், மூன்று வருடம், வீட்டை அடகு வைத்துக் கோச்சிங் போகிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபிறகு எங்கள் பக்கத்துக் கிராமங்களிலும் டாக்டர் கனவு பற்றிக்கொண்டது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்படுகிறேன். ஆனால் நான் பேசிய பிள்ளைகளில் பலர், நோயாளி வாந்தி எடுக்கும்போது பக்கத்தில் நின்று தலையைப் பிடித்திருக்கவே இல்லை. ஒரு பையன் பயிற்சியின் மூன்றாம் நாள் சர்க்கரைப் புண்ணுக்கு டிரஸ்ஸிங் மாற்றுவதைப் பார்த்து வெளியே ஓடினான். அவன் அப்பா வந்து என்னைத் திட்டினார். பையன் இப்போது லேப் டெக்னீஷியன். ரத்தத்தைக் குழாயில் பார்க்க அவனுக்குச் சிரமமில்லை. வலிக்கிற முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. 16 வயதில் மூன்று நாளில் அவனுக்குத் தெரிந்தது. 22 வயதில், குடும்பம் கடனில் மூழ்கியபிறகு தெரிந்திருந்தால்?

இந்த எதிர்ப்புகளுக்கெல்லாம் அடியில் வேறொன்று இருக்கிறது. அதை ஒரு தாயார் என்னிடம் வெளிப்படையாகவே கேட்டார்: ‘பீ மூத்திரம் அள்ளவா பிள்ளையப் படிக்க வெச்சோம்?’ அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வேலையைச் சில சாதியார் தலையில் கட்டி, தொட்டால் தீட்டு என்று பல தலைமுறை பழக்கிய சமூகம் இது. அந்தத் தழும்பு உள்ளவர்கள் தம் பிள்ளை மறுபடி அதைத் தொடக்கூடாது என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒரு கூட்டத்தில் கல்வித் துறை அதிகாரி ஒருவர், ‘மார்க் வராத பிள்ளைங்களத்தான் அந்த குரூப்புல தள்றோம், அவங்களுக்கு எதுக்கு இவ்வளவு ஏற்பாடு’ என்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. தாயாரிடம் பேசியது வலி. அதிகாரியிடம் பேசியது இளக்காரம்.

அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். பெட்பேனை நர்ஸ் ஏன் பார்க்கிறாள் தெரியுமா? மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுவென்று, ஒருவித நாற்றத்தோடு போனால் வயிற்றுக்குள் எங்கோ ரத்தம் கசிகிறது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். களிமண் போல வெளுத்தால் பித்தநாளத்தில் அடைப்பு இருக்கலாம். சிறுநீர் எத்தனை மில்லி, என்ன நிறம் என்பதை வைத்துத்தான் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று டாக்டர் முடிவு செய்கிறார். பார்க்கத் தெரிந்தவள் பார்த்தால் அது சேதி. பார்க்காமல் கொட்டினால் அது கழிவு. உங்கள் பெண்ணுக்குப் பார்க்கத்தான் சொல்லித் தருகிறோம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெண்ணை நிறுத்தவும் இல்லை.

எனக்குத் தெரிந்த பள்ளிகளில் செவிலியப் பிரிவு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறது. தொழிற்கல்வி ஆசிரியை ஓய்வு பெறுவார், அந்த இடத்துக்கு ஆள் வராது, அடுத்த ஜூனில் சேர்க்கை இல்லை என்று பலகையில் எழுதுவார்கள். யாரும் போராடுவதில்லை. ‘பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை’ என்று ஊரே நினைக்கும்போது, மூடுகிறவர்களுக்கு வேலை சுலபமாகிவிடுகிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம், ஜனவரி. ஏழாம் கட்டிலில் ஓர் அம்மா, பக்கவாதம். கூட அவர் மகள், பத்தாம் வகுப்பு. பயிற்சிக்கு வந்த பதினொன்றாம் வகுப்புப் பெண் அவளைவிட ஒரு வயதுதான் மூத்தவள். நான் மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது ஏழாம் கட்டில் பக்கமிருந்து குரல் கேட்டது. ‘பைய மேல தூக்காத, மூத்திரம் திரும்பி உள்ள போயிடும். இடுப்புக்குக் கீழயே வெச்சுக்கோ. அடியில இருக்குல்ல மூடி, அத மட்டும் தெற. முடிஞ்சதும் என்கூட வா.’ இரண்டு பேரும் வாஷ்பேசினுக்குப் போனார்கள். பெரியவள் செய்து காட்டினாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் டூட்டிக்கு வந்தேன். பயிற்சிப் பிள்ளைகள் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ஏழாம் கட்டில் பெண் தனியாக வாஷ்பேசின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, இடது கட்டைவிரலை வலது கைக்குள் வைத்துத் திருகித் திருகித் தேய்த்தபடி, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.